இரண்டாகப் பிரிந்த திரை

வலைப்பக்கம் செய்யும் ட்ரீம்வீவர் மென்பொருளில் புதிய கோப்பைத் திறந்ததும் வரும் வெள்ளைப் பரப்பைப் பார்த்துத்தான் நம் ஊர்ப் பிள்ளைகள் பலரும் வெப் டிசைனிங் கற்கத் தொடங்கினார்கள். மூலையில் கர்சர் துடிக்கும். தட்டினால் எழுத்து விழும். படத்தை இழுத்து வந்து விட்டால் அங்கேயே உட்காரும். பார்த்தால் தாள்தான். கற்க வந்தவர் அதைத் தாள் என்று நம்பிவிடுவதில் வியப்பில்லை. ஆனால் இந்தத் தாளுக்கு அகலம் இல்லை, உயரம் இல்லை, ஓரம் இல்லை. அதைத் திறக்கப்போகிறவர் கையில் இருப்பது உள்ளங்கையளவு போனா, பிரவுசிங் சென்டரின் பழைய மானிட்டரா என்பது செய்கிறவருக்குத் தெரியாது. எழுத்தைப் பெரிதாக்கி வைத்துப் படிக்கும் முதியவராக இருக்கலாம். கண் தெரியாதவராகவும் இருக்கலாம்.

தமிழ்நாட்டில் இந்த நம்பிக்கைக்குக் கூடுதலாக ஒரு காரணம் உண்டு. இங்கே கணினி என்பது முதலில் டிடிபி சென்டராகத்தான் தெருவுக்கு வந்தது. ஆல்டஸ் நிறுவனம் 1985இல் வெளியிட்ட பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கர், 1994இல் அடோபியின் கைக்குப் போய், 2001இல் ஏழாம் பதிப்போடு நின்றுபோனது. நம் அச்சகங்களில் அது நிற்கவில்லை. கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, கட்சிக் கூட்ட நோட்டீஸ், ஏன், சிறுபத்திரிகைகளின் பக்கங்கள்கூட அதில்தான் பல காலம் கோக்கப்பட்டன. மேல்நிலைப் பள்ளியில் கணினிப் பயன்பாடுகள் எடுத்துப் படிக்கிற மாணவர் பதினொன்றாம் வகுப்பில் வலைப்பக்கம் எழுதும் மொழியான ஹெச்டிஎம்எல் படித்துவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்பில் பேஜ்மேக்கர் படிக்கிறார். இரண்டும் வெவ்வேறு உலகங்கள் என்று யாராவது அவருக்குச் சொன்னார்களா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

எங்கள் ஊரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் இருந்தது. கீழே ஜெராக்ஸ், மாடியில் வகுப்பு. பத்திரிகை வேலையாகப் போய் அங்கே உட்கார்ந்திருப்பேன். அச்சகத்துக்காரர் ஒருவரின் மகன் அங்கே வெப் டிசைனிங் படிக்க வந்தான். பகலில் பி.காம்., மாலையில் இது. பத்திரிகை மாதிரிகளைக் கோத்துப் பழகிய கை என்பது மவுஸ் பிடிப்பதிலேயே தெரியும். அப்பாவின் அச்சகத்துக்கு ஒரு வெப்சைட் செய்வதாகச் சொல்லி உட்கார்ந்தான். மேலே நடுவில் பிள்ளையார், கீழே அச்சகத்தின் பெயர், இடப்பக்கம் மாதிரிகள், வலப்பக்கம் விலைப்பட்டியல், அடியில் முகவரி. ஒவ்வொன்றையும் தனிப் பெட்டியாக வரைந்து, புள்ளி பிசகாமல் இடம்பார்த்து நிறுத்தினான். அழகாகவே இருந்தது.

சொல்லிக்கொடுக்கிற மேடம் வந்து பார்த்தார். பிரவுசரில் திறந்து, ஜன்னலின் ஓரத்தைப் பிடித்துப் பாதியாக ஒடுக்கினார். பெட்டிகள் நகரவே இல்லை. விலைப்பட்டியல் திரைக்கு வெளியே போய்விட்டது. பட்டியலில் இன்னும் நான்கு வரி சேர்க்கச் சொன்னார். சேர்த்ததும் விலைகள் முகவரியின் மேல் ஏறிப் படுத்துக்கொண்டன.

“மேடம், என் டிசைன்ல சரியாத்தானே இருந்துச்சு?”

“உன் டிசைன்ல சரிதான்ப்பா. ஆனா அதை நீ மட்டும்தானே பார்க்கிற.”

அந்தப் பையனைக் குறை சொல்ல முடியாது. உலகமே சில ஆண்டுகள் அப்படித்தான் செய்துகொண்டிருந்தது. தோற்றத்தைத் தனியே விவரிக்கும் சிஎஸ்எஸ் 1996 டிசம்பரிலேயே தரநிலையாக வந்துவிட்டது என்றாலும் பிரவுசர்கள் அதை ஒழுங்காகப் புரிந்துகொள்ளப் பல ஆண்டுகள் எடுத்துக்கொண்டன. அதுவரை அச்சுப்பக்க அழகு வேண்டியவர்கள், கணக்கு எழுதுவதற்கென்று இருந்த டேபிளைப் பிடித்து அதன் கட்டங்களுக்குள் முழுப் பக்கத்தையும் அடைத்தார்கள். இடைவெளி வேண்டுமென்றால் கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளிப் படத்தை இழுத்து நீட்டிச் செருகினார்கள். டேவிட் சீகல் 1996இல் எழுதிய ஒரு புத்தகம் இந்த வித்தையை ஊரெல்லாம் பரப்பியது. 2000இல் ஆஸ்திரேலியாவின் ஜான் ஆல்சாப், அச்சுப் பக்கத்தின் மீதுள்ள பிடியை விடுங்கள், எந்த அகலத்துக்கும் வளைந்துகொடுப்பதுதான் இந்த ஊடகத்தின் குணம், அது குறையல்ல என்று ஒரு கட்டுரை எழுதினார். தலையாட்டினார்கள், மாறியவர்கள் குறைவு. ஐபோன் வந்து மூன்றாண்டுகள் கழித்து, 2010இல் ஈதன் மார்கோட் அதே சிந்தனையைச் செய்முறையாக எழுதிக் காட்டினார். அப்போதுதான் கேட்டார்கள். பத்தாண்டுகளாக வாதத்தால் செய்ய முடியாததைக் கையிலிருந்த போன் செய்துவிட்டது.

வெப் டிசைன் மென்பொருள்களின் கதையில் எனக்குப் பிடித்த ஒரு சிறு தகவல் உண்டு. பழைய சர்வர்களில் விடிஐ என்ற மூன்றெழுத்தைச் சுமந்த கோப்புறைகள் கிடக்கும். ஃப்ரண்ட்பேஜ் என்ற பக்கம் செய்யும் மென்பொருள் வைத்துப் போனவை அவை. ஃப்ரண்ட்பேஜை உருவாக்கியது மைக்ரோசாஃப்ட் அல்ல. டச்சு ஓவியர் வெர்மீரின் பெயரைத் தாங்கிய ஒரு சிறு நிறுவனம். வெர்மீர் டெக்னாலஜிஸ் இன்கார்ப்பரேட்டட் என்பதன் முதலெழுத்துகள்தாம் அந்த மூன்றும். 1996 ஜனவரியில் சுமார் 13 கோடி டாலருக்கு மைக்ரோசாஃப்ட் அதை வாங்கியது. நிறுவியவர்களில் ஒருவரான சார்லஸ் ஃபெர்குசன் பின்னாளில் திரைப்படம் எடுக்கப் போய், 2008 நிதி நெருக்கடி பற்றிய ஆவணப்படத்துக்காக ஆஸ்கர் வாங்கினார். வெளிச்சம் ஒரு ஜன்னல் வழியாக எப்படி வந்து விழுகிறது என்பதை வாழ்நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்த ஓவியரின் பெயரில், அலுவலகக் குமாஸ்தாவும் பக்கம் செய்யலாம் என்று விற்கப்பட்ட ஒரு கருவி! செய்யவும் முடிந்தது. ஆனால் கையால் எழுதிய கோட் ஒன்றை அதில் திறந்துவிட்டால், ஃப்ரண்ட்பேஜ் அதைத் தன் இஷ்டத்துக்குத் திருத்தி எழுதிவிடும். வரிகளைக் கலைக்கும், கோணக் குறிகளுக்குள் எழுதும் டேக்குகளைக் கூட்டும்.

1997 டிசம்பரில் மேக்ரோமீடியா ட்ரீம்வீவரைக் கொண்டுவந்தபோது இந்தக் குறையைத்தான் பிடித்துக்கொண்டது. நீங்கள் எழுதியதை நாங்கள் தொடமாட்டோம் என்பது அதன் முதல் வாக்குறுதி. கையால் எழுதுகிறவர்களும் மவுஸால் செய்கிறவர்களும் ஒரே கோப்பில் வேலை செய்யலாம். பிறகு நான்காம் பதிப்பில் திரையை இரண்டாகப் பிரிக்கும் வசதி வந்தது. ஒரு பாதியில் பக்கத்தின் தோற்றம், மறு பாதியில் அதன் கோட். தோற்றத்தில் ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்தால் கோட்டிலும் அந்த இடம் தேர்வாகும். இங்கே தடிமனாக்கினால் அங்கே இரண்டு டேக்குகள் முளைக்கும். அங்கே ஒன்றை அழித்தால் இங்கே பக்கம் சரியும்.

என்னைக் கேட்டால், வெப் டிசைன் மென்பொருள்களின் வரலாற்றில் கல்வி என்று சொல்லத்தக்கது இந்த ஒரு வசதிதான். பாடநூலின் ஹெச்டிஎம்எல் பாடம் டேக்குகளை மனப்பாடம் செய்யச் சொல்கிறது. விசார்ட் பொத்தான்கள் டேக்குகளே இல்லாதது போல நடிக்கின்றன. இரண்டாகப் பிரிந்த திரையில் மட்டும்தான், தான் செய்ததற்கும் எழுதப்பட்டதற்கும் உள்ள உறவை மாணவர் உடனுக்குடன் பார்க்கிறார்; ஆசிரியர் வாய் திறக்க வேண்டியதே இல்லை. மேடம் அந்தப் பையனுக்கு வேறெதுவும் விளக்கவில்லை. கோட் தெரியும்படி திரையைப் பிரித்து வைத்துவிட்டு, அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

அவன் முதலில் பார்த்தது, பெட்டிகளின் இடமெல்லாம் எண்களாக எழுதப்பட்டிருப்பதை. மேலிருந்து இத்தனை, இடமிருந்து இத்தனை. எண்களையும் பெட்டிகளை அந்தந்த இடத்தில் கட்டிப்போடும் குறிப்பையும் அழித்தான். பெட்டிகள் எல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக இடதோரம் வந்து விழுந்தன. பதறிவிட்டான். பிள்ளையார், பெயர், மாதிரி, விலை, முகவரி என்று வரிசையாக, அழகில்லாமல், ஆனால் எந்த அகலத்திலும் படிக்கும்படி. ஜன்னலை ஒடுக்கிப் பார்த்தான். வரிகள் மடிந்து கீழிறங்கின, எதுவும் எதன்மேலும் ஏறவில்லை. அதன் பிறகுதான் அவனுக்கு உண்மையில் வகுப்பு தொடங்கியது.

கோட்டைப் பார்க்காமல் தெரிந்துகொள்ள முடியாத இன்னொரு விஷயம் தலைப்பு. டிசைன் பக்கத்தில் ‘விலைப்பட்டியல்’ என்று எழுதி, எழுத்தைப் பெரிதாக்கித் தடிமனாக்கினால் அது தலைப்பு போலத் தெரியும். தலைப்புக்கென்றே உள்ள டேக்கைப் போட்டாலும் அதே போலத்தான் தெரியும். கண்ணுக்கு வித்தியாசமில்லை. கண் தெரியாத ஒருவர் என்விடிஏ போன்ற திரைவாசிப்பானை வைத்துப் படிக்கும்போது வித்தியாசம் வருகிறது. அவர் ஹெச் விசையை அழுத்தி அழுத்தித் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவுகிறவர். பெரிதாக்கிய எழுத்து அவருக்குத் தலைப்பு அல்ல. அங்கே அவர் நிற்கமாட்டார். மொத்தப் பக்கத்தையும் முதலிலிருந்து கேட்டாக வேண்டும். பக்கம் தமிழில் இருக்கிறது என்று கோட்டின் தொடக்கத்தில் ஒரு சிறு குறிப்பு எழுதாவிட்டால், அந்தக் கருவி எந்தக் குரலில் படிப்பது என்று தெரியாமல் திண்டாடவும் கூடும். ஆங்கிலப் பக்கம் என்ற குறிப்போடு வாங்கிய டெம்ப்ளேட்டில் தமிழை ஊற்றி வைத்திருக்கும் தளங்கள் எத்தனையோ. பக்கத்தைப் பார்க்கிறவர் யாருக்கும் இது தெரியாது. கேட்கிறவருக்குத் தெரியும். என்விடிஏவை உருவாக்கிய இருவரும் பார்வையற்றவர்கள் என்பதை இங்கே சொல்லி வைக்கிறேன்.

தமிழ் என்று வரும்போது மென்பொருளின் வெள்ளைத்தாள் இன்னும் சில இடங்களில் கிழிகிறது. டெம்ப்ளேட்டுகள் எல்லாம் லோரம் இப்சம் என்ற போலி லத்தீனை நிரப்பித்தான் வருகின்றன. சிசரோ கி.மு. 45இல் எழுதிய உரைநடையைச் சிதைத்துச் செய்தது அது. பொருளில்லாத வாசகம் என்பதால் கண் வடிவமைப்பில் நிற்கும் என்பது அதற்குச் சொல்லும் நியாயம். நமக்கு அது பொருந்தவே இல்லை. லத்தீன் எழுத்துக்கு அளவெடுத்த வரி இடைவெளியில் தமிழை வைத்தால், மேல்வரியின் உகரச் சுழிகளும் கீழ்வரியின் இகர விசிறிகளும் மோதிக்கொள்கின்றன. மெனுவில் ஏழெழுத்து ஆங்கிலச் சொல்லுக்கு விட்ட இடத்தில் ‘தொடர்புகொள்ள’ அடங்காமல் இரண்டு வரியாகிறது. முக்கியமானதைக் காட்ட டெம்ப்ளேட்காரர் பெரிய எழுத்துகளைப் பயன்படுத்தியிருப்பார். தமிழில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் கிடையாது. மேற்கோளைச் சாய்வெழுத்தில் வைத்திருப்பார். சாய்ந்த தமிழ், பெரும்பாலும் எழுத்துருவை வரைந்தவர் வரையாமல் இயந்திரம் தானே தள்ளிச் சாய்த்தது. பார்க்கச் சகிக்காது. ஆக, எழுத்தின் அளவு, தடிமன், நிறம், இடைவெளி என்று கையிலிருக்கும் நான்கு பொருளை வைத்துத்தான் தமிழ்ப் பக்கத்துக்கு ஏற்ற இறக்கம் கொடுக்க வேண்டும். இதைச் சொல்லித்தருகிற பாடப்புத்தகம் ஒன்றும் என் கண்ணில் பட்டதில்லை. பேஜ்மேக்கரில் பத்திரிகை கோத்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். இந்த ஒரு விஷயத்தில் அச்சகத்துப் பையனின் பழைய பழக்கம் அவனுக்குக் கைகொடுத்தது. மற்றவர்கள் விட்டதைவிட ஒன்றரை மடங்கு வரி இடைவெளி விட்டிருந்தான். யாரும் சொல்லித்தரவில்லை.

இன்றைக்கு இந்த அளவு சிக்கலோடு முடிகிறதே என்று சந்தோஷப்பட வேண்டும். தொண்ணூறுகளின் இறுதியில் தமிழில் பக்கம் செய்தவர்கள் எழுத்துக்கே போராடினார்கள். டிஸ்கி, டாம், டாப் என்று குறியீடுகள் பல; இவை போதாதென்று ஒவ்வொரு நாளிதழுக்கும் ஒரு சொந்த எழுத்துரு. அதை இறக்கி நிறுவாமல் திறந்தால் பக்கம் முழுக்கப் புரியாத லத்தீன் எழுத்துகளும் வினோதக் குறிகளும் கொட்டிக்கிடக்கும். டிசைன் பக்கத்தில் தமிழாகத் தெரிந்தது, கோட் பக்கத்தில் குப்பை. கணினியைப் பொறுத்தவரை அது தமிழே இல்லை, தமிழ் வேஷம் போட்ட ஆங்கிலம். தேட முடியாது, வரிசைப்படுத்த முடியாது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு குறியீட்டையும் விசைப்பலகையையும் ஒழுங்குபடுத்த முயன்றது. 2010இல்தான் தமிழக அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டது. பழைய எழுத்துருக்களில் கிடந்த பக்கங்களில் எத்தனையோ மாற்றப்படாமலே போயின. வெளித்தோற்றத்தை மட்டும் பார்த்து வேலை செய்ததற்கு ஒரு மொழியே கொடுத்த விலை அது.

அந்த வழக்கம் போய்விட்டது என்றும் சொல்ல முடியாது. ஒரு சங்கத்தின் தளத்தையோ கோயில் தளத்தையோ திறந்து பாருங்கள். நிகழ்ச்சி அறிவிப்பு முழுவதும் ஒரே படமாக இருக்கும். ஃபோட்டோஷாப்பில் எழுதிப் படமாக்கி ஏற்றிவிட்டார்கள். எழுத்துருச் சிக்கல் இருந்த காலத்தில் அதற்கு நியாயம் இருந்தது. இப்போது வெறும் சோம்பல்.

மாணவர்கள் எல்லாரும் மாட்டிக்கொள்ளும் ஒரு கண்ணியையும் சொல்ல வேண்டும். ட்ரீம்வீவர் முதலில், தளத்துக்கு ஒரு கோப்புறையைத் தீர்மானி என்று கேட்கும். புரியாமல் கேன்சல் அழுத்துவார்கள். டெஸ்க்டாப்பிலிருந்து படத்தை இழுத்துப் போடும்போது, இது தளத்துக்கு வெளியே இருக்கிறது, உள்ளே பிரதி எடுக்கட்டுமா என்று கேட்கும். அதற்கும் மறுப்பு. படம் திரையில் தெரியும். தளத்தை ஏற்றியதும் வீட்டுக் கணினியில் மட்டும் தெரியும், உலகத்தில் வேறெங்கும் தெரியாது. கோட் பக்கத்தைப் பார்த்தால் படத்தின் முகவரி தன் கணினியின் சி டிரைவ் என்று எழுதியிருக்கும். அதைத் திருத்திய பிறகும் சில படங்கள் வராது. விண்டோஸ் சின்ன எழுத்தையும் பெரிய எழுத்தையும் ஒன்றாகப் பார்க்கும், லினக்ஸ் சர்வர் வேறாகப் பார்க்கும். இந்த இரண்டும் புரிந்த நாளில் அவர் வெப் டிசைனர் ஆகிறார் என்று மேடம் சொல்வார். சான்றிதழ் எப்போது கொடுத்தாலும் சரி.

கோட்டைப் பார், கோட்டைப் பார் என்று நான் சொல்வதற்கு எதிராக ஒரு பெரிய சாட்சி இருக்கிறது. வலையைக் கண்டுபிடித்த டிம் பெர்னர்ஸ்-லீ, மக்கள் ஹெச்டிஎம்எல்லைக் கையால் எழுத வேண்டும் என்று நினைத்தவரே அல்ல. டேக்குகள் கண்ணில் படக்கூடாது என்றுதான் கருதினார். 1990இல் செர்ன் ஆய்வகத்தில் நெக்ஸ்ட் கணினியில் அவர் எழுதிய முதல் பிரவுசர், எடிட்டரும்கூட. படிக்கிற அதே ஜன்னலில் எழுதலாம், ஒரு சொல்லைத் தேர்ந்து வேறு பக்கத்துக்கு இணைப்புக் கொடுக்கலாம். படிப்பவரும் எழுதுபவரும் ஒருவரே என்பது அவர் கணக்கு. பிற கணினிகளுக்காகப் பிறகு வந்த பிரவுசர்களில் எழுதும் பாதி விடுபட்டது. 1993இல் மொசைக் என்ற பிரவுசர் படங்களை வாசகத்தோடு சேர்த்துக் காட்டி உலகத்தை மயக்கியது. அதிலும் எழுத முடியாது. நமக்குக் கிடைத்தது படிக்கும் கருவி மட்டும். எழுதும் கருவியைத் தனியாக, விலை போட்டு, வேறு சிலர் விற்றார்கள்.

கண்டுபிடித்தவரின் விருப்பத்தோடு இந்த ஓரிடத்தில் எனக்கு உடன்பாடில்லை. அவர் மறைக்க நினைத்தது மறையாமல் போனதால்தான் ஒரு தலைமுறை கற்றது. பிரவுசரில் ‘வியூ சோர்ஸ்’ என்று ஒன்று இருந்தது. எந்தப் பக்கத்தையும் திறந்து, இதை எப்படிச் செய்தார்கள் என்று பார்க்கலாம். ஆசிரியர் இல்லாத ஊர்களில் அதுதான் ஆசிரியர். சமையலறைக் கதவைத் திறந்து வைத்திருக்கும் ஓட்டல் மாதிரி. இன்றும் அந்த வசதி இருக்கிறது, ஆனால் பெரிய தளங்களின் கோட் இயந்திரம் இயந்திரத்துக்கு எழுதியது. மனிதர் படிக்கும்படி இல்லை.

கோட் எழுதவே வேண்டாம் என்று சொல்லும் கருவிகள் இப்போது ஏராளம். பெட்டியை இழு, விடு, மாதச் சந்தா கட்டு. என்ன வேண்டும் என்று சொன்னாலே முழுப் பக்கத்தையும் செய்து தரும் செயற்கை நுண்ணறிவும் வந்துவிட்டது. கடை நடத்துகிறவருக்கு இது நல்லதுதான். அவர் வேலை கடை நடத்துவது. மாணவருக்கு நல்லதா என்பது வேறு கேள்வி. அச்சு வடிவமைப்பாளர்கள் கோட் இல்லாமலே தளம் செய்யலாம் என்று 2012இல் அடோபி மியூஸ் என்ற மென்பொருளைக் கொண்டுவந்தது. 2018இல் அதன் வளர்ச்சியை நிறுத்துவதாக அறிவித்தது. 2020இல் ஆதரவும் முடிந்தது. அதை மட்டும் கற்றவர்கள் கையில் என்ன மிஞ்சியது? வெப் டிசைனுக்கு ஒருகாலத்தில் மறுபெயராக இருந்த ட்ரீம்வீவரிலேயே புதுமை என்று சொல்ல இப்போது ஒன்றும் வருவதில்லை. மாறாக, செர்னின் முதல் வலைப்பக்கத்தை 2013இல் பழைய முகவரியிலேயே மீட்டு வைத்தார்கள். நம் போனில் திறந்தால் அது ஒழுங்காகத் திறக்கிறது, வரிகள் திரையின் அகலத்துக்கு மடிகின்றன. டேக் கற்றவரின் படிப்பு காலாவதியாகவில்லை. பொத்தான் கற்றவரின் படிப்புத்தான் காலாவதியானது.

வெப் டிசைனிங் வகுப்பு நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எந்த மென்பொருளை வேண்டுமானாலும் சொல்லிக்கொடுங்கள், ஆனால் முதல் நாளிலேயே கோட்டும் தோற்றமும் அருகருகே தெரியும்படி திரையைப் பிரித்து வையுங்கள். செயற்கை நுண்ணறிவு எழுதித் தந்தால் அதையும் வரிவரியாகத் திறந்து படிக்கச் சொல்லுங்கள். லோரம் இப்சத்தைத் தூக்கிவிட்டு, மாணவரையே தமிழில் நான்கு பத்தி எழுதி ஊற்றச் சொல்லுங்கள். செய்து முடித்த பக்கத்தை மானிட்டரை அணைத்துவிட்டு ஒருமுறை காதால் கேட்கட்டும். என்விடிஏவுக்குக் காசு கிடையாது. ஒரு கணினியிலாவது நிறுவி வையுங்கள்.